டிராலரா, பாய்மரமா? கொல்லம் கடற்கரை போட்ட கணக்கு

குறைஞ்ச செலவுல கடல்ல சுத்தி வரணும்னா எந்தப் படகு வாங்கலாம்? பாய்மரமா, டிராலர் மாதிரி எஞ்சின் படகா? மேல்நாட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருஷக்கணக்காகத் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை இது. அவர்கள் சொல்லும் 'டிராலர்' வலை இழுக்காது. மீன்பிடி டிராலரின் பருத்த உடம்பையும் மெதுவான டீசல் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, மீன் வைக்கிற இடத்தில் படுக்கையும் அடுப்படியும் வைத்த வீட்டுப் படகு அது.

எஞ்சினை மட்டும் நம்பி ஒரு சின்னப் படகில் பெருங்கடல் தாண்ட முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பீபி என்ற அமெரிக்கக் கடற்படைக்காரர். 'பாஸேஜ்மேக்கர்' என்ற அவருடைய 50 அடிப் படகு 1963இல் சிங்கப்பூரில் கட்டப்பட்டது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, சூயஸ் வழியாக கிரீஸ் வரை போனது. 1975இல் அவர் எழுதிய புத்தகம் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் பாடப்புத்தகம்.

ஆனால் பீபிக்குப் பத்து வருஷம் முன்பே, புளியறையிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு கடற்கரையில் இதே கேள்வி எழுந்துவிட்டது. அங்கே கேள்வி கேட்கப்பட்டவர்கள் மீனவர்கள். உல்லாசப் பயணம் போவதற்காக அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சோறு அதில்தான் இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தால் 'மலிவு' என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

நம்ம மாவட்டத்துக் கடல்

முதலில் ஒரு எல்லைக் கணக்கு. புளியறைக்குக் கடல் எங்கே என்று கேட்டால் இன்றைக்குப் பலர் தூத்துக்குடி என்பார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூரோடு, பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மாவட்டம் கொல்லம். ஆரியங்காவுக் கணவாய் வழியே 1904இல் வந்த மீட்டர்கேஜ் ரயிலும் செங்கோட்டையைக் கொல்லத்தோடுதான் கட்டிப்போட்டது. ஆக, 1953இல் நார்வேக்காரர்கள் நீண்டகரையில் வந்து இறங்கியபோது, அவர்கள் இறங்கியது நம்ம மாவட்டத்துக் கடற்கரையில்தான். மூணு வருஷம் கழித்து எல்லைக்கோடு மலை மேல் போனது, கடல் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

மலைக்கும் அந்தக் கடலுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கொல்லம் பக்கத்து வள்ளங்களுக்குப் பேர்போன மரம் ஆஞ்சிலி. நம்ம பக்கம் அயினி என்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளில் வளர்வது. ஒரு பெரிய மரத்தைக் குடைந்தால் ஒரு வள்ளம். துடுப்பு, கயிறு, பருத்திப் பாய். இவ்வளவுதான் முதலீடு.

அந்தப் பாய்க்கு எண்ணெய் காற்று. விடியுமுன் நிலம் குளிர்ந்திருக்கும்போது கரையிலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் வெளியே போவது. வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, கடலிலிருந்து கரைக்கு வீசும் கடல்காற்றில் திரும்பி வருவது. போகவும் வரவும் தினமும் ரெண்டு வேளை இலவச வண்டி. ஆனா அந்த வண்டி அதோட நேரத்துக்குத்தான் கிளம்பும். காற்று செத்துப்போனால் துடுப்பு. ஆனி ஆடியில் கடல் கொந்தளித்தால் பல நாள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். பாய்மரத்தின் செலவு பணமாக வெளியே தெரியாது. நேரமாகவும், பசியாகவும் போகும்.

நார்வே வந்த கதை

1952 அக்டோபர் 17 அன்று இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒப்பந்தம் போட்டன. நார்வே வெளிநாட்டில் செய்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் இதுதான். இடம் நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை. அஷ்டமுடிக் காயல் கடலில் விழும் முகம் அது. படகு மட்டும் கிடையாது. ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், ஐஸ் ஆலை எல்லாம் திட்டத்தில் இருந்தன. மக்கள் வாழ்க்கை முழுக்க மேலே வரணும் என்பதுதான் காகிதத்தில் எழுதிய நோக்கம்.

படகு விஷயத்தில் முதலில் அவர்கள் செய்தது ரொம்ப நியாயமான காரியம். இருக்கிற வள்ளத்திலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. வள்ளம் அலையடிக்கும் மணலில் ஏறி இறங்கணும். அதுக்காகவே அடிப்பகுதி தட்டையாக, லேசாக, வளைந்து கொடுக்கும்படி இருக்கும். உள்ளே பொருத்தும் எஞ்சினுக்கோ அசையாத உடம்பு வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் விசிறிக்கு ஆழம் வேண்டும். ரெண்டு தேவையும் ஒன்றுக்கொன்று எதிர்.

அதனால் புதிதாக 22 அடி, 25 அடிப் படகுகள் வரைந்து கட்டினார்கள். இவை மணலில் ஏறாது. நிற்கத் துறைமுகம் வேண்டும். நீண்டகரையில் காயல் முகம் இருந்ததால் பிழைத்தது. எஞ்சின் படகு வாங்குகிறவன் படகு மட்டும் வாங்குவதில்லை என்பது இங்கே தெரிகிறது. துறை, மெக்கானிக், உதிரி பாகம், எண்ணெய் பங்க், ஐஸ், கடன் எல்லாம் கூடவே வரணும். நீண்டகரையில் அதையெல்லாம் இரண்டு அரசாங்கங்கள் கட்டிக்கொடுத்தன. படகும் மானிய விலையில் வந்தது. மீனவர் கண்ணுக்கு எஞ்சின் படகு கைக்கு எட்டும் விலையில் தெரிந்ததுக்குக் காரணம், மிச்ச விலையை வேறு யாரோ கட்டியதுதான்.

எஞ்சின் தின்னும் கணக்கு

இங்கே கொஞ்சம் இயற்பியல் பார்த்துவிடுவோம். தண்ணீரைக் கிழித்துப் போகும் கனமான படகுக்கு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் வருவது ஏறத்தாழ அந்த வரம்பு, நாட் கணக்கில். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 அடிக்கு 6.7 நாட். 36 அடிக்கு 8 நாட். அதுக்கு மேல் விரட்டினால் படகு தான் எழுப்பிய அலையைத் தானே ஏறப் பார்க்கும். எண்ணெய்தான் கரையும்.

அந்த வரம்புக்குக் கீழேயும், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். புரியும்படி சொன்னால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கு எரியும் எண்ணெய் பாதியாகும். போய்ச் சேர நேரம் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மைலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். சென்னையில் இருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக ஓய்விந்த் குல்பிராண்ட்சன் என்ற படகு வடிவமைப்பாளர், இவரும் நார்வேக்காரர், 1986இல் எழுதிய சின்னக் கையேடு சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பதைப் பற்றியதுதான். மெதுவா போங்க, அடிப்பகுதியைச் சுத்தமா வைங்க, பெரிய எஞ்சின் மேல ஆசைப்படாதீங்க. அந்த வகைப் புத்திமதிகளின் சாரம் இதுதான்.

10 கடல் மைல் தள்ளிப் போய் மீன் பிடிக்கிற ஒருவருக்கு எஞ்சின் படகில் ஒன்றரை மணி நேரம். மூணு நாட் வேகத்தில் பாயில் போனால் மூணு மணி இருபது நிமிஷம். எஞ்சின் வாங்கிக் கொடுப்பது இந்த இடைவெளியைத்தான். அந்த நேரத்தில் கூடுதலாகப் பிடிக்கும் மீன், எண்ணெய்க்கும் கடன் தவணைக்கும் மேலே நிற்கணும். மத்தி, அயலை, நெத்திலி விலையில் அது எப்போதும் நிற்காது.

இறால் போட்ட புதுக்கணக்கு

அந்த இடத்தில் வந்தது இறால். 1953இலேயே கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது. கொல்லம் கடலின் சேற்றுத் தரையில் இறால் நிறைய. 1950களின் கடைசியில் நீண்டகரைப் படகுகளில் இழுவலை கட்டிப் பார்த்தபோது கிடைத்த அளவு எல்லோரையும் மலைக்க வைத்தது.

இழுவலை என்பதுதான் டிரால். பை மாதிரி வலை. வாயை அகலத் திறந்து வைக்க ரெண்டு பக்கமும் பலகை. அடிக்கயிற்றில் எடை. ரெண்டு மூணு நாட் வேகத்தில் கடல்தரையை உரசிக்கொண்டே போகும். இந்த இழுப்புக்குப் பாய் எட்டாது. ஒரே சீரான பலம் மணிக்கணக்காக வேண்டும். ஆக, எஞ்சினுக்கு ஒரு வேலையும், அந்த வேலைக்கு டாலரில் ஒரு கூலியும் கிடைத்துவிட்டது. அதன் பிறகு எண்ணெய்ச் செலவு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு முரண் இருக்கிறது. தன் கரையோரச் சிறு மீனவர்களைக் காப்பாற்ற 1930களிலேயே டிராலர்களுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்த நாடு நார்வே. டிராலரைக் கொல்லத்தில் திணிப்பது அவர்களுடைய ஆரம்பத் திட்டமும் கிடையாது. சந்தை இழுத்தது, திட்டம் பின்னாலேயே போனது. 1960களில் திட்டத்தின் மையம் எர்ணாகுளத்துக்கு நகர்ந்தது. 1972இல் நார்வே முழுசாகக் கையளித்துவிட்டுப் போனது.

பலன் யாருக்குப் போனது? ஆர்னே மார்ட்டின் கிளவ்சன் என்ற நார்வே மானுடவியலாளர் இந்த ஊர்களை ஆராய்ந்து 1968இல் புத்தகம் போட்டார். திருவனந்தபுரத்துப் பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1985இல் விரிவான கட்டுரை எழுதினார். இருவரையும் சேர்த்துப் படித்தால் ஒரு கதை துலங்கும். ஒரே படகை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டது. லாபம் தெரிந்ததும் கடலுக்கே போகாத பணக்காரர்கள் படகு முதலாளி ஆனார்கள். பாய்மர வள்ளம் வைத்திருந்தவன் சின்ன அளவிலாவது முதலாளி. டிராலரில் அவன் பங்குக்கூலி வாங்கும் ஆள்.

இன்னொரு பில்லும் வந்தது. அதைக் கட்டியவர்கள் டிராலர் வாங்காதவர்கள். கரையோரத்தில் வள்ளமும் கட்டுமரமும் மீன் பிடிக்கும் இடத்திலேயே இழுவலையும் ஓடியது. வலைகள் அறுந்தன. குஞ்சு மீனும் சேர்ந்து வாரப்பட்டது. 1970களின் பின்பாதியில் கோவாவிலிருந்து சென்னை வரை கரையெங்கும் மோதல். கேரளம் 1980இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1983இல். கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. கேரளத்தில் 1988இல் மழைக்கால டிரால் தடை வந்தது. தடை வாங்கியது போராட்டம். மீனவர்களோடு பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் உண்ணாவிரதம் உட்கார்ந்த காலம் அது.

மூணாவது வழி: முட்டம்

டிராலரா பாய்மரமா என்று ரெண்டே கதவுதானா? குமரிக் கடற்கரையில் மூணாவது கதவைத் திறந்து பார்த்தார்கள். அங்கே காயல் முகம் இல்லை. அலை நேராக மணலில் உடையும். கட்டுமரமும் வள்ளமும்தான் அதைத் தாண்டும். ஆனால் அதுக்கான மரம் அருகிக்கொண்டே வந்தது, விலை ஏறியது. பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே முட்டத்தில் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து பிளைவுட் பலகையில் படகு கட்டினார். மணலில் ஏறும், பாயும் கட்டலாம், பின்னால் சின்ன எஞ்சினும் தொங்கவிடலாம். பல வருஷம் திருத்தித் திருத்தித்தான் ஒரு உருப்படியான வடிவம் வந்தது. 1985இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னதாச் செய்யறதுதான் கஷ்டம் என்று அர்த்தம்.

இதே காலத்தில், 1980 வாக்கில், வெளியே தொங்கும் எஞ்சின் கேரளக் கரை முழுக்கப் பரவியது. பலருக்கு அது ஆசையால் வந்த வாங்கல் கிடையாது. பக்கத்தில் மீன் குறைந்துவிட்டது, தள்ளிப் போகணும். டிராலர் பக்கத்தில் வந்தால் விலகி ஓடணும். அடுத்த வள்ளத்துக்காரன் மாட்டிவிட்டால் நாமும் மாட்டணும். மண்ணெண்ணெய்க்கு மானியம் கொடுத்தார்கள், ஆனாலும் சில வருஷத்தில் எஞ்சின் தேய்ந்து அடுத்த கடன். பாய் மெல்ல மெல்லச் சுருட்டி வைக்கப்பட்டது. பாய்மரம் விலை கூடியதால் தோற்கவில்லை. அது எட்டும் தூரத்தில் மீன் இல்லாமல் போனதால் தோற்றது.

இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. பாக் நீரிணையில் டிராலர்களைக் குறைக்க 2017இல் ஒரு திட்டம் வந்தது. ஆழ்கடல் சூரை பிடிக்கும் தூண்டில் படகு ஒன்றின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைக்காசு 10 சதவீதம். அதாவது 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் கடன். எழுபது சதவீத மானியம் கொடுத்தும் மக்கள் தயங்கினார்கள். படகு விலையை அரசு ஏற்றாலும் ஒவ்வொரு பயணத்தின் எண்ணெயும், பல நாள் கடலில் தங்கும் செலவும் மீனவர் தலையில்தானே.

சும்மா சுத்தப் போகிறவருக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மீன் பிடிக்காமல், கடலைப் பார்க்கப் போகிற ஒருவர் எதை வாங்கலாம்? ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். கொல்லத்திலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடி சுமார் 140 கடல் மைல். 30 அடி எஞ்சின் படகு, 6 நாட் வேகம், மணிக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 23 மணி நேரம், 92 லிட்டர். பாய்மரப் படகு நாலு நாட் வேகத்தில் 35 மணி நேரம். காற்று இல்லாத 12 மணி நேரம் சின்ன எஞ்சினில், மணிக்கு ரெண்டு லிட்டர், 24 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் மிச்சம் சுமார் 6,250 ரூபாய்.

பிரமாதமான மிச்சம்தான். ஆனால் பாயும் கம்பியும் நிரந்தரம் இல்லை. வெயிலில் இற்றுப்போகும். மொத்தமாக மாற்ற மூணு லட்சம் ஆகுமென்று வைத்தால், அதை எடுக்க 48 தடவை இப்படிப் போகணும். 6,700 கடல் மைலுக்கு மேல். வருஷத்தில் ரெண்டு தடவை கரையோரம் போகிறவருக்குக் காற்று இலவசம் இல்லை, மெதுவாக ஓடும் சின்ன எஞ்சின் படகே மலிவு. பெருங்கடல் தாண்டுகிறவருக்குத் தலைகீழ். அவர் போகும் தூரத்துக்கு எண்ணெய் ஏற்ற இடமும் இருக்காது, காசும் இருக்காது.

அப்படித் தாண்டிய நம்மவர்களும் உண்டு. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 32 அடிச் சின்னப் படகில் உலகைச் சுற்றி வந்த மனிதர் அவர். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன அந்த ஊரிலேயே அப்போது டீசல் டிராலர்கள் பாயை வெளியேற்றிக்கொண்டிருந்தன.

ஆக, படகு வாங்குமுன் கேட்க வேண்டியது மூணு. எவ்வளவு தூரம்? காத்திருக்க நேரம் இருக்கா? விலைச்சீட்டில் எழுதாத செலவை யார் தலையில் வைக்கிறோம்? முதல் ரெண்டுக்கும் பென்சிலும் காகிதமும் போதும். மூணாவதுக்குக் கொல்லத்தில் பதில் வர முப்பது வருஷம் ஆனது.

கேரளத்தில் டிரால் தடை இப்போது ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள். நமக்குக் குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களும் அவைதான். நீண்டகரையில் படகைக் கட்டிப்போட்ட அதே தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்து, புளியறை வயலைத் தாண்டி, கிழக்கே சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் கொல்லத்து மீன் கணவாய் ஏறி இங்கே வரும். தென்காசிச் சந்தையில் விலை கேட்கும்போது, அதுக்குள் டீசல் எவ்வளவு, மானியம் எவ்வளவு, கடல்தரை எவ்வளவு என்று ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.